பட்டியலைப் படிக்கத் தெரிந்த நிருபர்: தரவு, அல்காரிதம், புலனாய்வு இதழியல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடுகிறோம். பகுதிநேர நிருபர்கள், இதழியல் மாணவர்கள், கடற்கரை ஊர்களிலிருந்து சில இளைஞர்கள் வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தரவு இதழியல் என்றால் செய்திக்குப் பக்கத்தில் வண்ண வரைபடம் போடுவதுதானே?

இல்லை. வரைபடம் கடைசியில் வருவது. பல நேரம் அது தேவையும் இல்லை. தரவு இதழியலின் உயிர் இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கும் இடத்தில்தான் செய்தி தொடங்குகிறது.

இதற்குக் கணினிகூட வேண்டியதில்லை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். கூலி வாங்கியதாகப் பதிவேட்டில் இருந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பட்டியல் காகிதத்தில், இன்னொரு பட்டியல் தரையில். அந்தக் கூட்டங்களிலிருந்து வளர்ந்ததுதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பீகார் மாட்டுத்தீவன ஊழலையும் நினைத்துப் பாருங்கள். மாடுகளையும் தீவனத்தையும் ஏற்றிச் சென்ற லாரிகள் என்று பில்லில் எழுதியிருந்த எண்களைத் தணிக்கையாளர்கள் வாகனப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். பல எண்கள் ஸ்கூட்டருக்கு உரியவை.

அமெரிக்காவில் 1967இல் டெட்ராய்ட் கலவரத்துக்குப் பிறகு பிலிப் மேயர் என்ற நிருபர் ஆய்வாளர்களோடு சேர்ந்து மக்களிடம் முறையாகக் கருத்தறிந்து, விடைகளைக் கணினியில் கூட்டிப் பார்த்தார். படிக்காத கூட்டம்தான் கலவரம் செய்தது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் அதே அளவில் கலந்துகொண்டிருந்தது தெரியவந்தது. பின்னர் அவர் எழுதிய ‘துல்லிய இதழியல்’ என்ற நூலிலிருந்துதான் இந்தத் துறை தன் வயதைக் கணக்கிடுகிறது. எனக்கோ ராஜஸ்தானின் அந்தப் பந்தல்தான் நெருக்கமான முன்னோடி.

அப்படியானால் கணினி புதிதாக எதைக் கொண்டுவந்தது?

அளவை. வெளிநாட்டு நிறுவனங்களை உருவாக்கித் தந்த பனாமா சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்து, 2016 ஏப்ரலில் வெளியான பனாமா ஆவணங்களில் 1.15 கோடி கோப்புகள் இருந்தன, 2.6 டெராபைட். ஒருவர் நாளுக்கு ஆயிரம் கோப்புகள் வாசித்தாலும் முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சர்வதேசப் புலனாய்வு இதழியலாளர் கூட்டமைப்பு அவற்றைத் தேடத்தக்க வடிவத்துக்கு மாற்றியது. படமாக இருந்த பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் எழுத்தாக்கியது. யார் எந்த நிறுவனத்தில் பங்குதாரர், எந்த முகவரியில் எத்தனை நிறுவனங்கள் என்பதையெல்லாம் புள்ளியும் கோடுமாக இணைத்துக் காட்டும் தரவுத்தளம் ஒன்றும் உருவானது. 370க்கும் மேற்பட்ட நிருபர்கள் அவரவர் நாட்டிலிருந்தே அதில் தேடினார்கள். மென்பொருள் எழுதியவர்களும் செய்தி எழுதியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அப்போதுதான் பெருவழக்காயிற்று.

நம் நாட்டில் எனக்குப் பிடித்த உதாரணம், கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க உதவிய தேர்தல் பத்திரங்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டது. பத்திரம் வாங்கியவர்கள் ஒன்றில், பணமாக்கிய கட்சிகள் மற்றொன்றில். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற இணைப்பு மட்டும் இல்லை. நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பிறகு மார்ச் 21 அன்று ஒவ்வொரு பத்திரத்தின் தனி எண்ணும் வெளியானது. அந்த எண்ணைக் கொண்டு இரண்டு பட்டியல்களையும் இணைக்கச் சில மணி நேரம் போதுமானதாக இருந்தது. 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் நின்றது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம். ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த கதவு ஒரே ஒரு பத்தி (நெடுவரிசை) எண்களால் திறந்தது. இணைப்பு எண் இல்லாத பட்டியலைக் கையில் கொடுத்தால், அந்த இணைப்புதான் மறைக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் மாவட்டத்துக்கு இதெல்லாம் எதற்கு? இங்கே பனாமா ஆவணம் ஏதும் இல்லையே.

களியக்காவிளை சாலையில் ஒரு நாள் காலை நின்று பாருங்கள். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நடைச்சீட்டு இருக்க வேண்டும். குவாரி, வாகன எண், அளவு, புறப்பட்ட நேரம், சேர வேண்டிய இடம் எல்லாம் அதில் இருக்கும். அதாவது நம் சாலையில் ஓடும் ஒவ்வொரு லாரியும் ஒரு பட்டியலின் ஒரு வரி.

இந்த வரிகளை எப்படி விசாரிப்பது? ஒரே சீட்டு எண் ஒரே நாளில் இரண்டு முறை சோதனைச் சாவடியைக் கடந்திருக்கிறதா? ஆரல்வாய்மொழிப் பக்கம் புறப்பட்டதாகச் சொல்லும் லாரி அரை மணி நேரத்தில் களியக்காவிளையில் பதிவாகியிருக்கிறதா? இடையே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மார்த்தாண்டம் நெரிசல் வேறு. சீட்டில் உள்ள வாகன எண், பதிவேட்டில் எந்த வகை வண்டி? ஒரு குவாரிக்கு அனுமதித்த ஆண்டு அளவைச் சீட்டுகளின் கூட்டுத்தொகை தாண்டுகிறதா? ஆயிரக்கணக்கான சீட்டுகளில் இந்த நான்கு கேள்விகளையும் கையால் கேட்க முடியாது. அட்டவணை மென்பொருள் நான்கையும் ஒரு மதியத்தில் கேட்டுவிடும்.

விடையில் வித்தியாசம் வந்துவிட்டால் உடனே முறைகேடு என்று எழுதிவிடாதீர்கள். சாவடி ஊழியர் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கலாம். சோதனைச் சாவடிக் கடிகாரம் பிந்தியிருக்கலாம். கணினி தருவது சந்தேகம் மட்டுமே. சான்றைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தை வைத்து மலை வெட்டப்படுவதைக் காட்ட முடியுமா?

முடியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் எவருக்கும் இலவசம். சில நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972 முதல் படமெடுத்து வருகிறது. சென்டினல் படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்; நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஒரு வீட்டு மனையைப் பற்றி அதில் பேச முடியாது. ஒரு குவாரி ஆண்டுக்கு ஆண்டு எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதைத் தெளிவாகப் பேச முடியும்.

உக்ரைனில் டெக்ஸ்டி என்ற இதழியல் குழு 2018இல் சட்டவிரோத அம்பர் சுரங்கங்களை இப்படிக் கண்டுபிடித்தது. காட்டில் தோண்டிய குழிகளின் சில படங்களைக் காட்டி அல்காரிதத்தை, அதாவது கணினிக்கான படிப்படியான வழிமுறையை, பழக்கினார்கள். அது நாட்டின் வடமேற்குப் பகுதி முழுவதையும் சலித்து, அதே சாயல் உள்ள இடங்களைக் காட்டியது.

அதே முறையை இங்கே அப்படியே இறக்கினால் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, மேகம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பல மாதங்கள் படம் முழுக்க வெள்ளையாகவே இருக்கும். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைத் துணைக்கு எடுக்க வேண்டும். மற்றொன்று, ரப்பர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பச்சை குறைந்தால் காடு அழிந்தது என்று முடிவுகட்டும் அல்காரிதம், குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் அழிந்த காடாகக் காட்டும். ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட வேண்டும் என்பது பால்வெட்டும் தொழிலாளிக்குத் தெரியும். வெளியூர் நிரலாளருக்குத் தெரியாது. படத்தோடு சேர்த்து அந்தத் தொழிலாளியிடமும் பேசுங்கள்.

நம் பெயர்களைக் கணினி சரியாக ஒப்பிடுமா?

இதுதான் என்னை அதிகம் வாட்டிய கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெயர்களை ஒப்பிடும் மென்பொருள்கள் பலவும் குடும்பப் பெயர் உள்ள நாடுகளில் பிறந்தவை. நமக்கு இனிஷியல்தான். ஒரே மனிதர் வாக்காளர் பட்டியலில் ஒரு விதமாகவும் ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும் மீனவர் நலவாரிய அட்டையில் வேறு விதமாகவும் இருப்பார். அந்தோணி, அந்தோனி, அந்தணி. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் நாலு விதம். கொச்சியில் தங்கித் தொழில் செய்பவரானால் அங்கே மலையாளத்தில் இன்னொன்று.

எழுத்து வேறுபாட்டைக் கணக்கிடும் அல்காரிதங்கள் இதற்கு உதவும். ஒரு பெயரை மற்றொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணி, நெருக்கமானவற்றை ஒரே கூடையில் போடும். ஓபன்ரிஃபைன் என்ற இலவசக் கருவியில் இது இருக்கிறது. தமிழில் இன்னொரு கண்ணி உண்டு. ‘தோ’ என்ற எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுமுறை) ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இதன் மறுபக்கம்தான் கொடுமையானது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். அடுத்த வாரங்களில் ஊர்ப் பங்குகள் (தேவாலயச் சபைகள்) ஒவ்வொன்றும் காணாமல் போனவர்களின் பட்டியலைத் தாங்களே எழுதின. அரசிடம் இருந்த பட்டியல் வேறு எண்ணிக்கை சொன்னது. நான் அப்போது ஒரு கடற்கரை ஊரில் உட்கார்ந்து, நீளமான கோடுபோட்ட நோட்டிலிருந்து பெயர்களை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது, படகு, கரையை விட்ட நாள். பல கைகள் எழுதிய நோட்டு. சில பெயர்கள் இரண்டு முறை வந்திருந்தன. பெயர், தகப்பன் பெயர், வயது மூன்றும் ஒத்துப்போகும் வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன்.

மாலையில் அச்செடுத்த தாளை ஊர்த் தேவாலயத்தின் உபதேசியார் வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக எண்ணி, “இதில் ஒருவன் குறைகிறான்” என்றார். அவர் சொன்னது சரி. அந்த ஊரில் ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் ஒரே வயதும் கொண்ட இருவர் இருந்தார்கள். வேறு வீடு, வேறு படகு. கடல் எடுத்த ஒருவனை நான் தாளிலிருந்தும் எடுத்துவிட்டிருந்தேன். அவன் வீட்டிலிருந்து யாராவது அந்தத் தாளைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து இரட்டை வரிகளை மென்பொருள் சொன்னதற்காக நான் நீக்குவதில்லை. நிறமிட்டு வைக்கிறேன். ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்ட பிறகே கை வைக்கிறேன். யார் இறந்தார், யாருக்கு நிவாரணம் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் பட்டியலில் ஒரு வரி என்பது ஒரு வீடு.

அரசு தரும் தமிழ்க் கோப்பை நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக வருகிறதே?

பழைய கோப்புகள் வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடுக்கு மாற ஆணையிட்டுவிட்டது. பழக்கம் மெதுவாகத்தான் மாறியது. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த படமானால் டெசராக்ட் போன்ற எழுத்துணரி தமிழையும் வாசிக்கும். ஆனால் ‘ன’வையும் ‘ள’வையும் குழப்பலாம், எண்களில் 3ஐ 8 ஆக்கலாம். பணத்தொகை உள்ள பத்தியைக் கண்ணால் சரிபார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

அல்காரிதத்தைப் பற்றியே புலனாய்வுச் செய்தி எழுத முடியுமா?

இனி அதிகம் எழுத வேண்டியதே அதைத்தான். நமக்கு ரேஷன் உண்டா, உதவித்தொகை உண்டா என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் முடிவுசெய்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. மனிதரிடம் ஏன் என்று கேட்கலாம். நிரலிடம் யார் கேட்பது?

2016 மே மாதம் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டத்தில் காம்பஸ் என்ற மென்பொருளைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. கைதானவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் மென்பொருள் அது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்ணை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். பிறகு குற்றமே செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேருக்கு ஆபத்தானவர் என்ற முத்திரை விழுந்திருந்தது, வெள்ளையரில் 23.5 சதவீதம். மென்பொருள் நிறுவனம் இதை மறுத்தது. நியாயம் என்பதை எந்தக் கணக்கால் அளப்பது என்ற விவாதம் அங்கிருந்து கிளம்பி இன்னும் நடக்கிறது. உள்ளே இருக்கும் நிரலை அவர்கள் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிட்டார்கள். மறுபடியும் இரண்டு பட்டியல்கள்.

பக்கத்திலேயே வருவோம். தெலங்கானாவில் சமக்ர வேதிகா என்ற அமைப்பு பல துறைகளின் தரவை இணைத்து, யார் ஏழை அல்ல என்று கணித்தது. 2014 முதல் 2019 வரை அந்த மாநிலத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவு அட்டைகள் ரத்தாயின. 2022இல் உச்ச நீதிமன்றம் மறு சரிபார்ப்புக்கு உத்தரவிட்டது. ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் நிருபர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்ட புலனாய்வில், சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிய ஒருவர் கார் வைத்திருப்பதாகக் கணினி முடிவுகட்டியதால் அவர் குடும்பம் அரிசியை இழந்தது தெரியவந்தது. பெயர்ப் பொருத்தத்தில் நேர்ந்த பிழை. மேலே நான் சொன்ன, ஒரே பெயர் கொண்ட இருவரின் கதைதான் இதுவும். அங்கே எண்ணிப் பார்க்க ஓர் உபதேசியார் இல்லை.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?

தேடப் பயன்படுத்துங்கள். நூற்றுக்கணக்கான டெண்டர் ஆவணங்களில் ஒரே முகவரி எங்கெல்லாம் வருகிறது என்று கேளுங்கள். நீண்ட ஒலிப்பதிவை எழுத்தாக்கச் சொல்லுங்கள். (விளவங்கோட்டுப் பேச்சில் மலையாளம் கலந்து வரும் இடங்களில் எழுத்து கன்னாபின்னாவென்று ஆகும், பதிவைத் திரும்பக் கேளுங்கள்.) அது சொல்லும் பெயர், தேதி, தொகை எதையும் மூல ஆவணத்தைப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். இல்லாத அரசாணைக்கு எண் கொடுக்கும் துணிச்சல் அதற்கு உண்டு.

கோடிங் தெரியாது. கணக்கும் வராது.

கூட்டல், கழித்தல், சதவீதம் வருமா? போதும். 2021 மே மாதம் குஜராத்தில் திவ்ய பாஸ்கர் நாளிதழ் செய்தது வெறும் ஒப்பீடு. மார்ச் 1 முதல் மே 10 வரை மாநிலத்தில் வழங்கிய இறப்புச் சான்றிதழ்கள் 1.23 லட்சம், முந்தைய ஆண்டு அதே நாட்களில் 58 ஆயிரம். அதே காலத்தில் அரசு சொன்ன கொரோனா இறப்பு 4,218. மூன்று எண்கள். நாடு முழுவதும் பேசியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் பயன்படுகிறதா?

பயன்படுகிறது, முன்பைவிடக் கடினம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலை மட்டுமே முன்பு மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தர வேண்டும் என்று அதே பிரிவு சொன்னது. திருத்தத்தில் இரண்டும் போய்விட்டன. இது பட்டியல்களை வாசித்து வாழும் எங்கள் தொழிலின் கழுத்தில் வைத்த கை என்றே கருதுகிறேன். 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. தகவலை வெளியிடுவதன் பொதுநலன் கேட்டைவிட மிகுந்தால் தரலாம் என்பது அது. மனுவிலேயே அதை மேற்கோள் காட்டிவிடுங்கள்.

மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். “விவரம் தருக” என்று எழுதாதீர்கள். எந்தப் பதிவேடு, எந்தப் பத்திகள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். 2(ஜே) பிரிவின்படி கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவிலேயே கேட்கும் உரிமை உண்டு. ‘அட்டவணைக் கோப்பாக’ என்ற இரண்டு சொற்களைச் சேருங்கள். பல வாரத் தட்டச்சு மிச்சமாகும்.

கிடைத்த பட்டியலை அப்படியே வெளியிடலாமா?

கூடாது. முறைகேடு செய்தவரின் பெயரும், முறைகேட்டில் ஏமாந்தவரின் பெயரும் ஒரே கோப்பில்தான் இருக்கும். பயனாளிகளின் ஆதார் எண், கைப்பேசி எண், நோய் விவரம் போன்றவற்றை முதல் வேலையாக நீக்குங்கள். குற்றம் சாட்டப்படுபவரிடம் கணக்கைக் காட்டி விளக்கம் கேளுங்கள். தகவல் தந்த ஊழியர் அனுப்பிய படத்தையோ கோப்பையோ அப்படியே ஏற்றினால், எடுத்த நேரமும் இடமும் எழுதியவர் பெயரும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். சிறிய மாவட்டம் இது. ஒரு குறிப்பு போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஊர்க் குளங்களிலிருந்து. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குளமா, வாய்க்காலா, புறம்போக்கா என்று எழுதியிருக்கும். ஊராட்சியின் குளப் பட்டியலை வாங்குங்கள். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பரப்பு குறைந்திருந்தால் குறியுங்கள். நேரில் போய்க் கரையில் நடங்கள். ஏலாவாக (வயல்வெளியாக) இருந்த நிலத்துக்கு இன்று என்ன வகைப்பாடு என்று பட்டாவில் பாருங்கள். ஒரு ஊராட்சிக்கு ஒரு மாதம் ஆகும்.

கல்குளம், விளவங்கோடு பக்கமானால் ஒரு வேலையை இதற்கெல்லாம் முன்னால் செய்யுங்கள். 1956 நவம்பர் 1க்கு முன் நாம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தோம். அந்தக் காலத்து ஆவணங்களில் பெரும்பகுதி மலையாளத்தில், கையெழுத்தில் இருக்கிறது. குளத்தின் பழைய எல்லை அதில்தான் எழுதியிருக்கும். எந்த எழுத்துணரியும் இதுவரை எனக்கு அதைச் சரியாக வாசித்துத் தரவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்துப் பள்ளிகளில் மலையாளம் படித்த பெரியவர்கள். இப்போது எல்லோரும் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், ஆவணத்தின் நகலையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். அவர் வாசிக்க வாசிக்க நீங்கள் எழுதுங்கள்.